வெட்டாமல் விட்ட ஒரு மைல்

நவம்பர் 4, திங்கள்

பாலத்திலிருந்து சர்ச் வரை ஒரு மைல்தான் பாக்கி. வெள்ளிக்குள் புல்லை வெட்டி முடிக்கச் சொல்லிவிட்டார் மேற்பார்வையாளர் ராய்ஸ். பன்னிரண்டு வருஷமாக இந்த ஃப்ளோரிடா கவுண்டி நிர்வாகத்தின் டிராக்டரில் சாலையோரம் வெட்டுகிறேன். மேலதிகாரி சொல்லை ஒருநாளும் மீறியதில்லை.

மதியம் கேமராவோடு பள்ளத்தில் குப்புறப் படுத்திருந்தேன். வேலி நெடுக சுமாக் புதர் சிவந்து நிற்கிறது. அதன் காலடியில் ஊதாப் பூக்கதிர்கள், இளஞ்சிவப்புப் புகை மாதிரி மியூலி என்கிற புல். வெயிலுக்கு எதிரே வைத்து எடுத்தால் ஒவ்வொரு இலையும் எரிகிறது. லாரிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, விழுந்துவிட்டேனா என்று கேட்டார். எறும்புக்கடி வேறு.

நவம்பர் 6

விதை உதிர்ந்தால்தான் அடுத்த வருஷமும் பூக்கும், ஆறு வாரம் பொறுக்கலாமா என்று ராய்ஸிடம் கேட்டேன். பார்க்கக் காடு மாதிரி இருக்கிறது, தினம் புகார் வருகிறது என்றார். காடுதானே அழகு? அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

நவம்பர் 8, வெள்ளி

வெட்டவில்லை. டிராக்டரைப் பாலத்தருகே நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டேன்.

ராய்ஸ் வந்தார். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"புல்லு வெட்டத்தான் உனக்குச் சம்பளம் வெர்லீன். படம் எடுக்க இல்ல."

"தெரியும். ஆனா இத நான் வெட்ட மாட்டேன்."

என்மேல் புகார் எழுதிக் கொடுக்கப் போகிறாராம். செவ்வாய்க்கிழமை கவுண்டிக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம் உண்டு. பெயர் கொடுத்துவிட்டேன். வேலை போனால்? — போனால் போகிறது என்று லாமர் சொல்கிறார். புருஷன் வாயிலிருந்து வந்த மிகச் சிறந்த வாக்கியம்.

நவம்பர் 12

எழுதாமல் இருக்க முடியவில்லை.

கவுண்டிக் குழுத் தலைவர் மிசஸ் பெட்வே முதலிலேயே, "ஃப்ளோரிடாவுல ஏதும்மா இலையுதிர் காலம்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் எடுத்த படங்களைத் திரையில் போட்டேன். முதல் மூன்றுக்கும் சிரிப்பு கேட்டது. நான்காவது, நீருக்குமேல் ரத்தச் சிவப்பாக டுபெலோ மரம். மிசஸ் பெட்வே முன்னால் சாய்ந்தார்.

"இது எந்த ஊரு? வட கரோலினாவா?"

"நீங்க தினமும் கார்ல வர்ற ரோடும்மா. பாலத்துக்கும் சர்ச்சுக்கும் நடுவுல."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

இனி விதை உதிரும்வரை அந்த மைலில் கத்தி படக்கூடாது, இதேபோல் பூக்கிற வேறு மூன்று சாலைகளிலும்கூட என்று தீர்மானம். குழுவின் ஐந்து பேரும் ஆதரவாகக் கை தூக்கினார்கள். கடைசி வரிசையில் ராய்ஸ் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நவம்பர் 13

ஐந்துக்கு ஐந்து. எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது. புகாரைக் கிழித்துவிட்டாராம் ராய்ஸ். அலுவலகப் பெண் சொன்னாள்.

ஜனவரி 9

இன்று வெட்டத் தொடங்கினோம். காலையில் வயர்லெஸ்ஸில் ராய்ஸ் கூப்பிட்டார்.

"வெர்லீன், எந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்? நீயே சொல்லு."

கிழக்கிலிருந்து என்றேன், அங்கேதான் விதை முதலில் உதிர்ந்திருக்கிறது. சரி என்றார், மறுபேச்சில்லாமல்.