போதும் என்று சொன்னவருக்கு

அக்கா,

இன்று காலை எங்கள் மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கினோம். ஈரமண்ணோடு கிழங்கு மேலே வரும்போது எழும் பச்சை வாசம் மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்துவிட்டது. பக்கத்துக் காட்டில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நீங்கள் நிற்கவில்லை என்பது மனதுக்கு இன்னும் பழகவில்லை.

ஒரு காலத்தில் சேலம், நாமக்கல் பக்கம் உங்கள் பாட்டில்லாமல் கோயில் நோம்பி கிடையாது. குரல் கணீரென்று இருந்தபோதே எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ராசிபுரத்துக்குத் தெற்கே எங்கள் காட்டை ஒட்டி நிலம் வாங்கி வந்தீர்கள். எந்த விசேஷத்துக்கும் போகமாட்டீர்கள். யார் தேடி வந்தாலும் கதவு திறக்காது. காதல் தோல்வி என்றார்கள், தொண்டையில் நோய் என்றார்கள். நான் நேராகவே கேட்டேன்.

"பாடுனேன், போதும்னு ஆச்சு அம்மிணி. வயிறு நெறஞ்சவங்க எலைய உட்டு எந்திரிக்கறதில்லையா?" என்றீர்கள்.

போன வருஷம் ஒரு டிவி சேனலிலிருந்து கேமராவோடு காட்டுக்கே வந்துவிட்டார்கள். மண் அப்பிய உங்கள் கைகளைப் பார்த்ததும் வந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப ரொம்பக் கஷ்டப்படறீங்களாம்மா?"

"கஷ்டந்தானுங்க. மழையில்லாம மண்ணு இறுகிக் கெடக்குது, கெழங்கு வரமாட்டேங்குது."

"ரெண்டு வரி பாடுங்கம்மா. பாக்கறவங்க அழுதுடுவாங்க."

"எதுக்குங்க அழோணும்? நான் நல்லாத்தானுங்க இருக்கறேன். மோரு குடிச்சுட்டுக் கெளம்புங்க."

நெஞ்சுவலியில் நீங்கள் போன அன்று அவர்களே மறுபடியும் வந்தார்கள். உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த என்னிடம் மைக்கை நீட்டி, "தனியா இருக்கறப்பப் பாடி அழுவாங்களா?" என்றார்கள். துக்கத்தை மீறிக் கோபம் வந்தது.

"பாடமாட்டாங்க. கச்சேரி கச்சேரின்னு கெட்ட தூக்கத்தையெல்லாம் இங்க வந்துதான் தூங்குனாங்க. முடிஞ்சா அதைப் போடுங்க."

போடவில்லை. 'கண்ணீரில் கரைந்த குரல்' என்று தலைப்பு வைத்து, என் அழுத முகத்தை மட்டும் போட்டார்கள். போட்டுக்கொள்ளட்டும். பஸ்ஸில், சந்தையில், யார் கேட்டாலும் உண்மையை நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்: நீங்கள் தோற்று வரவில்லை.

உங்கள் பாட்டை ஊர் வைத்துக்கொள்ளட்டும் அக்கா. உங்கள் பிடிவாதத்தை நான் எடுத்துக்கொண்டேன். இந்தத் தையில் என் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. முகூர்த்த நேரத்தில் என் அண்ணன் வந்து, "நீ சமையக்கட்டுப் பக்கம் இரு அம்மிணி. தாலியறுத்தவ முன்னால நின்னா நாலு பேரு பேசுவாங்க" என்றார். இதுவரை அவர் சொல்லை நான் தட்டியதில்லை.

"பேசட்டுங்கண்ணா. பெத்தவ நானு."

மணமேடை ஏறி மகள் பக்கத்தில் நின்றேன். பின்னால் முணுமுணுத்தார்கள். தாலி ஏறும்வரை நகரவில்லை.