தண்ணீர் இல்லாத எட்டு மணி நேரம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே வீட்டில் எல்லோரும் சௌக்கியம், நான் ஒருவன்தான் சௌக்கியமும் இல்லாமல் மானமும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். நீ நன்றாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? வெட்கத்தை விட்டு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நம் சலூனில் வாடிக்கையாளர் தலையை நனைக்கிற ஸ்ப்ரே பாட்டிலை ஆஸ்பத்திரிக் கழிவறைக்குள் கொண்டுபோய், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, என் வாய்க்குள்ளேயே அடித்துக் குடித்தேன். அங்கே குழாயை முன்யோசனையாக அடைத்துவிட்டிருந்தார்கள், வேறென்ன செய்ய.

நாலு மாதமாக எனக்கு அடங்காத தாகம், அதுவும் ஜில்லென்று இருந்தால்தான் தொண்டை ஒப்புக்கொள்கிறது. குடித்ததெல்லாம் அரைமணிக்கு ஒரு தரம் நிறமே இல்லாமல் வெளியே போய்விடுகிறது. போன மாதம் தபால்காரருக்கு ஒரு கன்னம் மழித்துவிட்டு, இதோ வந்துட்டேண்ணே என்று ஓடினேன், திரும்பி வந்தால் மனுஷர் பாதி நுரையோடு பக்கத்து நாற்காலிக்கு மாறிவிட்டார். சர்க்கரைதான் என்று ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள், பார்த்தால் ரத்தத்தில் சர்க்கரை சரியாகவே இருந்தது. தண்ணியப் பிடிச்சு வையின்னு மூளையிலேருந்து சிறுநீரகத்துக்குப் போக வேண்டிய உத்தரவு போகல போலிருக்கு, குடிக்கிற வரைக்கும் தப்பிப்பீங்க, காய்ச்சல் வாந்தின்னு குடிக்க முடியாமப் போனா ரத்தத்துல உப்பு ஏறி, புத்தி குழம்பி, வலிப்பு வந்து நினைவே தப்பிடும் என்றார் டாக்டரம்மா. அதை உறுதிசெய்யத்தான் எட்டு மணி நேரம் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஒரு சோதனை, மணிக்கொரு தரம் எடையும் சிறுநீரும் பார்ப்பார்கள்.

நாலாவது மணியில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, அப்போதுதான் அந்த ஸ்ப்ரே விவகாரம். ஒன்றும் அறியாத பிள்ளை போல வந்து படுத்தேன். கால்மணி நேரத்தில் டாக்டரம்மா வந்து சோதனையை நிறுத்திவிட்டார். திருட்டுத்தனமா குடிச்சா முடிவே தப்பா வரும், வியாதி இல்ல, சும்மா பழக்கத்துல தண்ணி குடிக்கிற ஆளுன்னு எழுதி அனுப்பிட்டா அப்புறம் மருந்து எப்படிக் கிடைக்கும் என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். பாட்டில் பைக்குள் இருந்தது தெரிந்த ஒரே ஆள் உன் அம்மா. ஏங்க, ஆஸ்பத்திரிக்கு இது எதுக்குங்க என்று காலையிலேயே கேட்டாள். நான் தலைக்குச் சாயம் பூசுவதை இருபத்தெட்டு வருஷமாக வெளியே சொல்லாதவள், இதில் காட்டிக்கொடுத்துவிட்டாளே. நீயும் கூட்டு. அப்பா மேலேருந்து கண்ண எடுக்காதம்மா என்று போனில் சொன்னாயாமே. பெற்ற மகளே அப்பனுக்குக் காவல் போட்டிருக்கிறாள். மூன்று நாளாக அவளோடு பேச்சு இல்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் தம்ளரைத் தட்டித்தான் கேட்கிறேன், ஒரு நாளைக்கு நாற்பது தரம் தட்ட வேண்டியிருக்கிறது. அவளும் சலிக்காமல் கொண்டுவந்து வைக்கிறாள், அதுதான் இன்னும் எரிச்சல்.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் சோதனை. கிண்டலாக எழுதுகிறேனே தவிர பயமாகத்தான் இருக்கிறது கண்ணு. கையில் கத்தியும் கத்திக்குக் கீழே ஒருத்தர் கழுத்தும் இருக்கும்போது எனக்கு நினைவு தப்பினால்? அதனால் போவேன், உன் அம்மா துணைக்கு வர வேண்டாம் என்று சீட்டில் எழுதிக் காட்டிவிட்டேன். மாத்திரை கொடுத்தாலும் இதே மாதிரி குடித்துக்கொண்டிருந்தால் உப்பு இறங்கி அதுவும் ஆபத்தாம், எப்படி அடக்கப்போகிறேனோ. அன்று காலை எட்டு மணிக்கு மறக்காமல் போன் செய். உன் தாகமெல்லாம் எப்போதும் ஒரு தம்ளரில் அடங்கட்டும், நல்லா இரும்மா.

இப்படிக்கு,
வீட்டாரால் காட்டிக்கொடுக்கப்பட்ட
உன் அப்பா

பி.கு.: இந்தத் தண்ணியில முடிக்குப் போடுற லோஷன் ரெண்டு சொட்டுக் கலந்திருக்கும், வயித்துக்குள்ள போனா ஏதாவது ஆகுமா சிஸ்டர் என்று அன்றைக்கு நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டது நான்தான்.