எப்போது வந்தால் சரியாக இருக்கும்

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமாக இல்லை, ஆனால் நீங்கள் எல்லாரும் கூடி முடிவு கட்டிய அளவுக்கு மோசமாகவும் இல்லை. குடலில் இருந்த புற்றுநோயை அறுத்து எடுத்த பிறகு நுரையீரலில் புள்ளிகள் தெரிந்தன அல்லவா, அது புற்றுநோயின் பரவலே இல்லையாம். போனில் சொன்னால் உன் அம்மா நடுவில் அழுது விஷயத்தைக் கெடுத்துவிடுவாள் என்பதால் நானே எழுதுகிறேன்.

புற்றுநோய் வந்தவனுக்கு ஒரு வசதி உண்டு, அதற்குப் பிறகு வேறு எந்த நோயும் அவனுக்கு வராது, எல்லாப் பழியையும் அதுவே ஏற்றுக்கொள்ளும். மூக்கில் ரத்தம் வந்தது, காது அடைத்தது, கண் சிவந்தது, சிறுநீர் நிறம் மாறியது. குடலில் இருந்தது மூக்குக்கு எந்த வழியாகப் போனது என்று புற்றுநோய் டாக்டரிடம் கேட்டேன். "எல்லாம் அதோட வேலைதான் சார், ரொம்ப யோசிக்காதீங்க" என்றார். நான் யோசிப்பதுதான் எப்போதும் எல்லாருக்கும் தொந்தரவு. இனிக் குணமாக்க முடியாது, வலுவான மருந்து ஏற்றி நாளைத் தள்ளலாம் என்றார். நுரையீரலில் ஊசி விட்டுச் சதை எடுத்து, புற்றுநோய்தான் என்று காட்டினால்தான் சம்மதிப்பேன் என்று உட்கார்ந்துவிட்டேன். "ஆஸ்பத்திரிலயுமா உங்க வம்பு" என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். என் மேல் அக்கறை மிகுந்த உன் தாய்மாமன் அன்று மாலையே வந்து, "மச்சான், இந்தச் சாய்வு நாற்காலி இனிமே சும்மாதானே கிடக்கும்" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

சதையில் புற்றுநோய் இல்லை. அதைப் பரிசோதித்த டாக்டரம்மா எனக்கே போன் செய்து, "மூக்குல ரத்தம் வருதா, யூரின் எப்படிப் போகுது" என்று கேட்டார். இத்தனை மாதத்தில் என் மூக்கை விசாரித்த முதல் ஆள். அவர் சொல்லி எடுத்த ரத்தப் பரிசோதனையில் பிடிபட்டது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே திரும்பி, சின்னச் சின்ன ரத்தக்குழாய்களைத் தாக்கிப் புண்ணாக்குகிறதாம். சொந்தமே சொந்தத்தை அடிப்பது மிக அபூர்வம் என்கிறார்கள், அவர்கள் நம் வீட்டுப் பக்கம் வந்ததில்லை போலும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும். "நல்லவேளை, நாம ஊசி போட்டுப் பாத்தோம்" என்றார் புற்றுநோய் டாக்டர். நாமாம்.

இப்போது ஸ்டீராய்டு மாத்திரையில் புள்ளிகள் கரைகின்றன. எதிர்ப்புச் சக்தியை இப்படி அடக்கினால் பழைய நோய் தலைதூக்காதா என்று கேட்டேன், இரண்டு டாக்டர்களும் ஒற்றுமையாகக் கூரையைப் பார்த்தார்கள். உன் மாமன் செய்தி கேட்டதிலிருந்து வரவில்லை, துக்கமாக இருக்கும்.

நீ அம்மாவிடம் "எப்ப வந்தா சரியா இருக்கும்" என்று கேட்டது போன் ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. நீண்ட விடுப்பு ஒரு தடவைதான் தருவார்கள், அது வீணாகக் கூடாது என்ற உன் கவலை நியாயம்தான். என்னைக் கேட்டால், நான் பதிலுக்குப் பேசும் நிலையில் இருக்கும்போது வந்தால் சரியாக இருக்கும். எனக்குத் தெரிந்து அது இப்போதுதான்.

இருவரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். ஒன்று மறக்காதே, மாத்திரையால் முகம் உப்பிக் கிடக்கிறது, அடையாளம் தெரியாமல் வேறு யாரையாவது அப்பா என்று கூப்பிட்டுவிடாதே.

இன்னும் நாற்காலியைக் காலி செய்யாத
உன் அப்பா