நால்வர் தப்பினர்

ராயபுரம்,
2-9-1973

அன்புள்ள ஹில்டாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தைக் கேட்க இந்த முறை அவசியமில்லை. தந்தி வந்தது, நேற்று உன் கடிதமும் வந்தது. கடவுளுக்குத் தோத்திரம்.

பத்திரமாயிருக்கிறேன் என்று தந்தி கொடுத்தால், ‘நீதானா, உடனே பதில்’ என்று திருப்பித் தந்தி அடிக்கிற புருஷனை உலகத்தில் கண்டதில்லை என்று கோபித்திருக்கிறாய். விவரத்தைக் கேள், பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கோபித்துக்கொள்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது பேப்பரைப் புரட்டினேன். ‘பனிமலையில் ஏரி உடைந்தது, நிலவியல் நிபுணர்கள் நால்வர் தப்பினர்’ என்று போட்டிருந்தான். முகாம் போட்ட பள்ளத்தாக்கையே வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டதாம். கீழே உங்கள் பெரியவர் சக்சேனாவின் பேர், அவரோடு இன்னும் மூன்று ஆண்கள் பேர். நீங்கள் போனது ஐந்து பேர். சென்ட்ரலில் ரயில் ஏற்றிவிட்டவன் நான், எனக்குத் தெரியாதா?

புயலுக்குப் பிறகு காசிமேட்டில் என்ன நடக்கும் என்று நீயும் பார்த்திருக்கிறாய். கரை சேர்ந்தவர்கள் பேரை மட்டும் ஒருவர் நின்று வாசிப்பார். வாசிக்காத பேரைப் பற்றி யாரும் அவரிடம் கேட்பதில்லை. அந்த வீட்டுப் பெண்கள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிடுவார்கள். நாங்களும் பேப்பரை அந்தக் கணக்கில்தான் படித்தோம்.

மீன்காரப் பவுனம்மாள் அப்போதுதான் நம் வாசலில் கூடையை இறக்கியிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னா நைனா, இன்னா போட்டுக்கீறான், படி என்றாள். நான் பேர்களை வாசித்தேன். நாலோடு நின்றுபோனது. தங்கச்சி பேரு இல்லியா, இன்னொரு தபா நல்லா பாரு நைனா என்றாள். பார்த்தேன், இல்லை. கூடையைத் தள்ளிவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தெருவே திரண்டுவிட்டது.

அன்று நம் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அக்கம்பக்கத்திலிருந்து சோறு வந்தது, பருப்பு வந்தது. அம்மா நம் கல்யாண போட்டோவுக்கு முன்னால் மெழுகுத்திரி ஏற்றினாள். நானும் அதில் மாப்பிள்ளையாக நிற்கிறேன் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. கோவிலுக்குப் போய் உனக்காகத் துக்கப் பூசை கேட்டாள். சாமியார் நல்ல மனிதர். சர்க்காரிடமிருந்து ஒரு வரியாவது வரட்டும், அதுவரை அந்தப் பிள்ளை உயிரோடிருக்கிறாள் என்றே செபிப்போம் என்று அனுப்பிவிட்டார். தபாலாபீசிலோ மலைப்பக்கம் லைன் இல்லை என்று கையை விரித்தார்கள். பவுனம்மாள் எதிரில் உட்கார்ந்து மிரட்டிச் சாப்பிட வைத்தாள். பெண்டாட்டியின் சாவுச் சோற்றைத் தின்றுவிட்டு அவளுக்கே கடிதம் எழுதுகிறவன் இந்த ராயபுரத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

வீட்டில் இருக்க முடியாமல் வியாழக்கிழமை வேலைக்குப் போனேன். கிரேன் மேலிருந்து பார்க்கிறேன், அம்மா துறைமுக வாசலில் நின்று காவல்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். கையில் தந்தி. பிரிக்கப் பயந்து, பிரிக்காமலே ஓடிவந்திருக்கிறாள். இறங்கிவந்து பிரித்தேன். ‘பத்திரம். ஹில்டா.’ ரெண்டே வார்த்தை. அத்தனை கூலியாட்கள் முன்னாலும் ஓவென்று அழுதேன், எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அழுது முடித்ததும் சந்தேகம் வந்தது, தந்தி ஆபீசில் யாராவது தவறாக அடித்திருந்தால் என்று. அதனால்தான் ‘நீதானா’ என்று கேட்டேன்.

மறுநாள் பத்திரிகை ஆபீசுக்குப் போனேன். சட்டையைப் பிடிக்கிற வேகத்தோடுதான் போனேன். செய்தியை எழுதியவர் ஒரு சாதுவான மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். டில்லியிலிருந்து வந்த செய்தியில் ஐந்து பேர் என்றுதான் இருந்ததாம். அதில் ஒன்று, உத்தியோகம் எதுவும் போடாமல், வெறும் திருமதி ஹில்டா ஹென்றி. யாரோ ஆபீசர் வீட்டம்மா கூடப் போயிருப்பார்கள், நிபுணர் பட்டியலில் அவர்களைச் சேர்ப்பானேன் என்று பேரை அடித்துவிட்டு, ஐவரை நால்வர் ஆக்கியிருக்கிறார். வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை சார் என்றார். இல்லைதான். அதைத்தான் ஹில்டா என்னால் தாங்க முடியவில்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் ஒரு சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன்.

பரிகாரமாகப் பெண்கள் பகுதியில் உன் போட்டோ போடுகிறேன், பனிமலையில் என்ன சமைக்கிறார்கள் என்று எழுதி வாங்கித் தாருங்கள் என்றார். அவளுக்கு இங்கேயே ஒழுங்காக ரசம் வைக்க வராது, அந்த நாலு பேரைப் போட்ட இடத்தில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். (ரசத்தைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிக்கவும். கோபத்தில் உண்மை வந்துவிட்டது.) மறுநாள் உள்பக்கத்தில், கப்பல்கள் வருகைக்குக் கீழே, ‘அக்குழுவுடன் திருமதி ஹில்டா என்பவரும் இருந்தார்’ என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான் கிடைத்தது.

நேற்று உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் முழுக்கதையும் தெரிந்தது. பனியாறு தள்ளிக்கொண்டு வந்து குவித்த கல்மேடுகளை ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்து வந்தவள் நீ. ஏரிக்கு அணையாக நின்ற மேட்டுக்குள்ளே ஐஸ் இருக்கிறது, அது உருகுகிறது, இதன் கீழே கூடாரம் வேண்டாம் என்று சொன்னதும் நீ. இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டுத்தான் சக்சேனா மேலே ஏறச் சம்மதித்தாராம். அப்படியானால் அந்த நாலு பேர் உயிரோடிருப்பதே உன்னால்தான். அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டியதிலிருந்து தெருவில் அவள் பேச்சு தாங்கவில்லை. பவுனம்மாளுக்கும் சொல்லியாகிவிட்டது. அந்த நாலு பேரும் தங்கச்சிக்கு மாலை போடணும் நைனா என்கிறாள்.

ஆனால் அதே கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். நிருபர் வந்து கேட்டபோது, பெரியவர் பேசட்டும் என்று நீ ஈரத்துணி உலர்த்தப் போய்விட்டாயாம். அந்த இடத்தில் எனக்குப் படிக்கவே முடியவில்லை. அங்கே வந்த அந்த நிருபரும் ஒரு ஆபீசரைப் பார்க்கவில்லை, துணி உலர்த்துகிற பெண்ணைத்தான் பார்த்தார்.

வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அம்மாவும் அப்படித்தான் எழுதச் சொன்னாள். பேனாவை எடுத்த பிறகு மனம் வரவில்லை. வரைபடத்தை முடித்துவிட்டே வா. கம்பளியைக் கழற்றாதே, இருமல் மருந்தை வேளாவேளைக்குக் குடி.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், தட்டாதே. அடுத்த முறை யார் வந்து கேட்டாலும் முன்னால் போய் நில். உன் பேரையும் சொல், உத்தியோகத்தையும் சொல், எழுதிக்கொண்டார்களா என்று பார்த்துவிட்டு நகரு. உன் பெருமைக்காகக் கேட்கவில்லை ஹில்டா. இன்னொரு முறை உன் பேர் இல்லாத பேப்பரைப் படிக்க என்னால் ஆகாது.

மாதா உன்னைக் கைவிடாமல் கூட்டிக்கொண்டு வரட்டும்.

உன்
ஹென்றி