லொறி எழுத்து

அன்புள்ள அப்பா,

பூநகரியில் காற்று அடங்கிவிட்டதா? சுகமாய்க் கடல் தொழிலுக்குப் போகிறீர்களா? வவுனியாவில் நான் நல்ல சுகம்.

எங்கள் பதாகைக் கடையில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும், தூரிகையால் இழுத்ததுபோல் தடித்து வால் சுழலும் எழுத்துத்தான் போடுவோம். அஞ்சலிக்கு ஒருபோதும் போடுவதில்லை. நேற்று நான் மறந்துபோய், ஒரு லொறிக்காரரின் கண்ணீர் அஞ்சலியை அந்தக் கொண்டாட்ட எழுத்திலேயே அச்சிட்டுவிட்டேன். முதலாளி தலையில் கை வைத்தார். அதை வாங்க வந்த லொறிக்காரரின் மனைவியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தா.

"இருக்கட்டும் பிள்ளை. லொறியிலயும் அவரின்ர பேர் இப்பிடித்தான் இருந்தது."

உங்கள் வள்ளத்துக்கும் அதே எழுத்தில் ஒட்டுத்தாளில் பெயர் வெட்டி வைத்திருக்கிறேன். பஸ்ஸில் கொடுத்தனுப்ப மாட்டேன். நீங்களே வந்து எடுங்கோ.

கடை திறக்கிறார்கள்.

மகள்,
சுமித்திரா