வெறும் வானும் பின்சில்லும்

17.11.92 செவ்வாய்

மூன்றாம் நாளாக மழை. முகில் கட்டியபடி. குண்டு போடப் பொம்மர் வராது, அந்தளவில் நிம்மதி. உரும்பிராயிலிருந்து சுன்னாகம் சந்தைக்கு மூட்டை ஓட்டம் இல்லை. மூட்டை ஏற்றி ஓடும் என் வானை வெறுமையாகத் தெருவுக்கு எடுத்துப் பார்த்தேன். வீட்டு ஒழுங்கை வளைந்து திரும்பும் முடக்கில் பின்சில்லு, பின் சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுழன்றன. டயர் மொட்டை. இந்தப் பொருள் தடைக்குள் புது டயருக்கு எங்கே போவது?

மனைவி புஷ்பத்துக்கு இன்னும் பத்து நாள் என்கிறா மருத்துவிச்சி. அதற்குள் இந்த முடக்குக்கு ஒரு வழி பார்க்க வேண்டும்.

18.11.92 புதன்

வானிலிருந்து இறக்கியவை: உதிரிச் சில்லு, ஜாக்கி, ஆட்கள் இருக்கும் பலகை வாங்கு, சாவி குறடு கிடக்கும் ஆயுதப் பெட்டி. இலேசானால் சேற்றில் ஏறிவிடும் என்ற நினைப்பு. மூன்று மாதத்துச் சாரதியின் மூளை! முன்னையதைவிட மோசம். முகமெல்லாம் சேறு.

புஷ்பம் படலையில் நின்று, "நீங்கள் வானை ஓட்டுறியளோ, வான் உங்களை ஓட்டுதோ?"

கோபம். சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன்.

20.11.92 வெள்ளி

மு.ப. 6.30க்கு வயிற்றுக்குத்து தொடங்கிவிட்டது. வானுக்குள் பாய் விரித்துப் புஷ்பம், பக்கத்தில் அவளின் தங்கை தவம். அதே முடக்கு. அதே சுழற்சி. ஒழுங்கைச் சனம் முழுக்க வந்து தள்ளியும் அசையவில்லை. பாரம் குறையட்டும் என்று தவத்தை இறங்கச் சொன்னேன். புஷ்பமும் முனகிக்கொண்டு எழும்பப் பார்த்தாள்.

பக்கத்து வளவுக் கந்தையா அண்ணை ஓடி வந்தார். வேலிச் சண்டையில் நாலு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை.

"விசரா, ஆரையும் இறக்காதை! ஏத்து! பின்சில்லுக்கு மேலை பாரம் இருந்தால்தான்ரா நிலத்தைப் பிடிக்கும். மூட்டையோடை ஒழுங்காய் வாற வான் வெறுமையாய் ஏன் சுத்துது எண்டு யோசிச்சனியே?"

சொல்லிக்கொண்டே, நாங்கள் வழக்குப் போட்டுக் கோடேறிய அதே வேலியில் தென்னோலைக் கிடுகைப் பிய்த்துப் பிய்த்துச் சில்லுகளுக்கு முன்னால் திணித்தார்.

"ஆம்பிளையள் கீழை நிண்டு தள்ளுங்கோ. பொம்பிளையள் ஏறுங்கோ!"

ஒன்பது பேர் ஏறினார்கள். ஒருத்தியின் கையில் புட்டு மா. இன்னொருத்தி சீலையை விரித்து மறைப்புப் பிடித்தா. பின்சில்லு கிடுகைக் கடித்தது. வான் ஏறியது. கடவுளே, ஏறியது!

தெருவிலும் சேறு. "ஓடு தம்பி, நாங்கள் இருக்கிறம்" என்றார்கள். ஒருவரும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை வந்துவிட்டு, அந்த மழையில் நடந்தே திரும்பினார்கள். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். இப்படிப்பட்ட சனத்துக்கு நடுவிலா இத்தனை வருடம் இருந்திருக்கிறேன்!

21.11.92 சனி

மகள். நேற்று இரவு 9.10க்கு. நிறை ஆறு றாத்தல். தாய் சுகம்.

வான் ஏறிய விஷயத்தைப் புஷ்பத்துக்கு விளக்கினேன். பின்னுக்கு எவ்வளவு பாரமோ அவ்வளவு பிடி. அந்த ஒன்பது பேரின் பாரம்தான் எங்களைக் கொண்டுவந்து சேர்த்தது என்று.

அவள் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள்.

"அப்ப அந்தப் பாரத்திலை இவளின்ரை ஆறு றாத்தலும் சேத்திதானே."