விளக்கெண்ணெய் புரட்டிய பயறு

அக்கா,

இன்று காலை எங்கள் மளிகைக் கடையில் ஒரு விளக்கெண்ணெய் பாட்டில் கைதவறி உடைந்தது. எவ்வளவு துடைத்தும் வாசனை போகவில்லை. மரக்காணத்துத் தகரக் கொட்டகையும் அதில் நீங்கள் உட்கார்ந்திருந்த விதமும் அப்படியே கண்முன் வந்தன.

சுனாமிக்குப் பிறகு வந்த கோடை அது. கோட்டக்குப்பத்திலிருந்து உதவிக்கு வந்த என்னிடம் நிவாரணத் தானியத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். படகுகள் உடைந்து கிடந்தன; உங்கள் குப்பத்துக்கு அந்த மூட்டைகள்தான் சோறு. ஒரு நாள் பச்சைப் பயறு மூட்டைக்குள் கைவிட்டேன், விரலெல்லாம் வண்டு ஊர்ந்தது. பூச்சி மருந்துப் பொடியைக் கலந்துவிடலாம் என்று டப்பாவோடு ஒருவர் வந்தார். வரிசையில் நின்ற நீங்கள் குறுக்கே வந்தீர்கள்.

"மருந்தெல்லாம் வேணாங்க, புள்ளைங்க துன்றது. பாயம்மா, வெளக்கெண்ண வாங்கியாரச் சொல்லு. நான் பாத்துக்கறேன்."

பயறை வெயிலில் காயவைத்துச் சலித்தோம். ஓட்டை விழுந்ததைப் பொறுக்கி எறிந்தோம். மிச்சத்தைத் தார்ப்பாயில் பரப்பி, கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் விட்டுக் கையால் புரட்டினோம். "ஒவ்வொரு பயிறும் மினுக்கணும். அப்பதான் வண்டு வெக்கற முட்ட பொரியாது" என்றீர்கள்.

பாதியில் உங்கள் கை நின்றுவிட்டது. எண்ணெய் படிந்த உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"என்னக்கா?"

"மேகலாவுக்குச் சுருட்ட முடி. எண்ண வெச்சாதான் படியும். அன்னிக்கு ஒரு சடதான் பின்னியிருந்தேன். கடலு உள்வாங்கிடுச்சுன்னு எல்லாரும் பாக்க ஓடினாங்க, எம்பொண்ணும் ஓடிட்டா. நான் புடிச்சு வெக்கல."

பக்கத்தில் உட்கார்ந்து பயறைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நீங்களும் புரட்டத் தொடங்கினீர்கள்.

மழைக்காலம் வரை அந்தப் பயறில் ஒரு வண்டுகூட இல்லை. குப்பத்துப் பிள்ளைகள் சுண்டலாகத் தின்றார்கள். நீங்கள் மட்டும் வாயில் வைக்கவில்லை.

அடுத்த வருஷம் காய்ச்சலில் போய்விட்டீர்கள். சேதி என்னிடம் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது.

மேகலாவின் அப்பாவையும், வீட்டிலிருந்த அவளுடைய ஒரே படத்தையும் அதே கடல்தான் கொண்டுபோயிற்று. அவள் முகம் எனக்குத் தெரியாது. ஆனாலும் தொழுதுவிட்டுக் கையேந்தும்போது, என் பிள்ளைகளின் பெயர்களோடு அவள் பெயரையும் சொல்கிறேன், அக்கா. அவளைப் பெயர் சொல்ல இப்போது வேறு யாருமில்லை.